வெடிக்காத காய்

காசித்தும்பைக் காயை நசுக்கிப் பார்க்காத கை நம் பக்கத்தில் இருக்காது. முற்றிய காயை லேசாகத் தொட்டால் போதும், பட்டென்று வெடித்துத் தோல் சுருண்டுகொள்ளும், விதை முகத்தில் தெறிக்கும். உங்களில் பாதிப் பேர் செடி கொடி படிக்க வந்ததே சின்ன வயதில் பட்ட அந்தக் குறுகுறுப்பில்தான் என்று நினைக்கிறேன். நான் அப்படித்தான் வந்து மாட்டிக்கொண்டேன்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிற உங்களுக்கு என் அனுபவம் ஏதாவது எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். செடியை எப்படிப் பறிப்பது, எப்படித் தாளில் ஒட்டுவது என்பதெல்லாம் சொல்லித்தர உங்களுக்கு ஆள் இருக்கிறது. அந்தப் பக்கமே நான் போகவில்லை. நான் வேலையை விட்டு வந்து சில வருஷமாகிவிட்டது. மத்தியானம் இரண்டு வாய் சோறு உள்ளே போனதும் கண் சொருகிவிடும். சொருகின கண்ணுக்குள் இன்னமும் இதழ் இதழாக ஏதோ ஒரு பூ மிதந்துகொண்டுதான் இருக்கும். அந்த மயக்கத்தில் எழுதுவது இது. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

காசித்தும்பைக் குடும்பத்தோடு பழகிப் பாருங்கள், அதைப்போல வீம்பு பிடித்த பூ வேறு கிடையாது. செடியில் இருக்கும்போது அத்தனை சொகுசு. பின்னால் ஒரு வால், முன்னால் ஒரு உதடு, இரண்டு பக்கமும் விசிறி மாதிரி இதழ். அதையே பறித்து அப்படியே தாளுக்கு நடுவே வைத்து அழுத்தி ஒரு வாரம் கழித்துத் திறந்து பாருங்கள், காப்பி சிந்தின கறைதான் இருக்கும். அதை வைத்துக்கொண்டு எந்தச் செடி என்று சத்தியம் பண்ண முடியாது. அதனால் பூ வாடுவதற்கு முன்னாலேயே ஒரு வெள்ளைத் தட்டில் தண்ணீர் ஊற்றி, அதில் பூவை மிதக்கவிட்டு, ஒவ்வொரு பாகமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். அவசரம் கூடாது. தண்ணீர் தானாகவே பாதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். இதழ் தன் மடிப்பை விட்டு மெல்ல விரிவதைப் பார்த்துக்கொண்டிருந்தால் பொழுது போவதே தெரியாது. எனக்கு இந்த வேலையில் மிகப் பிடித்தது அந்த நேரம்தான்.

இதை எனக்குக் காட்டித் தந்த பேராசிரியர் தோள்பையில் எப்போதும் ஒரு பீங்கான் தட்டு வைத்திருப்பார். சிறுமலைக்குப் பஸ்ஸில் போனால் அந்தத் தட்டுக்குத்தான் ஜன்னல் ஓரம், அவர் நின்றுகொண்டே வருவார். ஒரு தடவை மலைப்பாதை வளைவில் நாங்கள் செடி பார்த்துக்கொண்டிருக்கையில் பெரிய அதிகாரி ஒருவர் பரிவாரத்தோடு காரை நிறுத்தி இறங்கினார். பாறைக் கசிவில் இருந்த ஒரு செடியைக் காட்டி இது என்ன என்று கேட்டார். பூ இல்லாத செடி. எங்கள் பேராசிரியர் தெரியவில்லை என்றார். நீங்கள் புரொபசர்தானே என்றார் அதிகாரி, ஒரு மாதிரி சிரித்துக்கொண்டு. "ஆமாங்க. அதனாலதான் தெரியலைன்னு சொல்ல முடியுது" என்றார் இவர். மாணவர்களான எங்களுக்கு மானம் போய்விட்டது. ஏதோ ஒரு பெயரை அடித்துவிட்டிருக்கலாமே என்று பஸ்ஸில் திரும்பும்போது குசுகுசுவென்று பேசிக்கொண்டோம். அவர் காதில் விழுந்திருக்கும். விழாத மாதிரி தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

சரி, ஒரு குளத்துக் கதைக்கு வருகிறேன். நான் சொல்ல வந்தது அதைத்தான்.

ஸ்டெல்லா என்று ஒரு பெண். சின்னாளப்பட்டிக்காரி. உங்களுக்குக் கொஞ்சம் முன்னால் இந்த வேலைக்கு வந்தவள், குளங்குட்டைகளில் என்னென்ன செடி இருக்கிறது என்று கணக்கெடுக்கிற வேலையில் இருந்தாள். ஓடுகிற பஸ்ஸில் உட்கார்ந்தபடி வேலியோரத்துச் செடிகளுக்குப் பேர் சொல்லிக்கொண்டே வருவாள். பத்துக்கு ஒன்பது சரியாக இருக்கும். அந்தப் பத்தாவதுதான் அவளுக்கு எமனாக வந்தது.

அகரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சிற்றூர். பேர் வேண்டாம். அந்த ஊர்க் குளத்தைத் தூர் வாருவதற்கு வெகு நாள் நடையாக நடந்து உத்தரவு வாங்கியிருந்தார்கள். புரட்டாசி பாதி போய்விட்டது. பெருமழை இறங்குவதற்குள் குளத்தை ஆழமாக்கிவிட்டால் அடுத்த கோடைக்குக் கிணறுகளில் தண்ணீர் நிற்கும். பொக்லைன் வண்டியும் வந்து இறங்கிவிட்டது. அன்றைக்குப் பார்த்து நம் ஸ்டெல்லா கணக்கெடுப்புக்குப் போயிருக்கிறாள். வரத்து வாய்க்கால் குளத்தில் சேருகிற இடத்தில் ஒரு பள்ளம், கணுக்கால் அளவு சேற்றுத் தண்ணீர், அதற்குள் ஒரு கும்பல் செடி. இலையைப் பார்த்தால் காசித்தும்பை. ஆனால் தண்ணீருக்குள் நிற்கிறது, தண்டு ஊதிப்போயிருக்கிறது. பூ இல்லை, இரண்டு காய் மட்டும் இருந்திருக்கிறது. நசுக்கிப் பார்த்தாள். வெடிக்கவில்லை.

இங்கே உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். காசித்தும்பைக்குத் தண்ணீரில் வாழ்கிற உறவுக்காரச் செடி ஒன்று உண்டு. இலை, தண்டு எல்லாம் அதே சாயல். ஆனால் அதன் காய் வெடிக்காது, சதைப்பற்றோடு தண்ணீரில் விழுந்து மிதந்து போகும். பூவில் இதழ்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் தனித்தனியாக இருக்கும். காசித்தும்பையில் பக்கத்து இதழ்கள் இரண்டிரண்டாக ஒட்டிப் பிறந்திருக்கும். நம் திண்டுக்கல் சமவெளியில் அந்தத் தண்ணீர்ச் செடியை நான் வேலை பார்த்த காலம் முழுக்கக் கண்ணால் கண்டதில்லை. இருந்தால் அது பெரிய செய்திதான். ஸ்டெல்லாவுக்குக் கை கால் ஓடியிருக்காது. அங்கேயே நின்று படம் எடுத்து, செடிப் பிரியர்கள் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் பேரையும் போட்டு, உறுதி என்றும் எழுதிவிட்டாள்.

அந்த ஒரு வார்த்தை எங்கெங்கோ சுற்றி ஒரு அலுவலகத்துக்குப் போய்விட்டது. அங்கிருந்து ஊராட்சித் தலைவருக்குப் போன் வந்தது. அபூர்வச் செடி இருப்பதாகச் சொல்கிறார்கள், தெரிந்தவர் யாராவது வந்து பார்த்து எழுதித் தரும்வரை மண்ணைத் தொடாதீர்கள். வண்டி நின்றுவிட்டது. அந்தத் தெரிந்தவராக என்னைப் பிடித்தார்கள். தலைவர் கூப்பிட்டார். ஸ்டெல்லாவும் கூப்பிட்டாள். நீங்க வந்து ஒரு பார்வை பாத்தாப் போதும் மேடம் என்று குரலில் அத்தனை சந்தோஷம்.

நான் போய் இறங்கும்போது உச்சிப் பொழுது. தெற்கே சிறுமலை தலையில் கருப்பாக மேகம் கட்டியிருந்தது. வறண்ட குளத்துக்கு நடுவில் மஞ்சள் வண்டி மண்ணில் வாயை ஊன்றிக்கொண்டு நின்றது. டிரைவர் கருவேல மரத்தடியில் துண்டை முகத்தில் போட்டுத் தூங்கினார். மறுநாள் சாயங்காலம் வண்டி வடமதுரைப் பக்கம் இன்னொரு குளத்துக்குப் போயாக வேண்டும், அது போனால் இந்த வருஷம் திரும்பி வராது என்று தலைவர் சொன்னார்.

கரையிலிருந்து நான் இறங்குவதற்குள் ஒரு அம்மா வந்து வழியை மறித்துக்கொண்டு நின்றார். பாண்டியம்மாள் என்று பேர். குளத்துக்குக் கீழ்ப்பக்கம் அவருக்கு மல்லிகைத் தோட்டமும் கொஞ்சம் தென்னையும் இருந்தது. வெயிலில் வெந்த முகம். ஸ்டெல்லா பக்கம் அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"டீச்சரம்மா, எனக்குச் செடி மேல கோவம் இல்ல. போன கோடையில லாரித் தண்ணி ஊத்தித்தான் ஒவ்வொரு மரத்தையும் காப்பாத்துனேன். இன்னொரு கோடைக்கு எனக்குத் தெம்பில்ல. மழை வாரதுக்குள்ள இதத் தோண்டியாகணும். பூவாச்சும் காயாச்சும்னு இந்தப் பிள்ளை பேச்சைக் கேட்டு எங்களை உக்கார வச்சிட்டாக."

கத்தவில்லை, அழவில்லை. அப்படிச் சொல்லிவிட்டு விலகி நின்றுகொண்டார். அவர் தென்னையை நான் திரும்பிப் பார்த்தேன். மட்டையெல்லாம் தோள் தொங்கிப்போய் இருந்தது.

பள்ளத்தில் இறங்கிப் பார்த்தால் செடி இருந்த கோலத்தைச் சொல்லி மாளாது. வெள்ளாடுகள் வந்து கொழுந்தெல்லாம் கடித்துவிட்டுப் போயிருந்தன. பூ ஒன்றுகூட இல்லை. காய் இல்லை. கும்பலுக்கு நடுவே வாய்க்கு எட்டாமல் தப்பித்த ஒரே ஒரு மொட்டு. வால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. விடிந்தால் மலர்ந்துவிடும் போல இருந்தது. தண்டு ஊதியிருப்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. தண்ணீரில் வேர் ஊறினால் நம் தோட்டத்துக் காசித்தும்பைகூட அப்படித்தான் பருக்கும்.

ஸ்டெல்லாவிடம் காய் எங்கே என்று கேட்டேன். நசுக்கிச் சேற்றில் போட்டுவிட்டேன் என்றாள். முற்றின காயா என்று கேட்டேன். மேலே பூனைமுடி இருந்ததா, வழவழப்பாக இருந்ததா என்று கேட்டேன்.

"கவனிக்கலை மேடம். கையெல்லாம் சேறு." சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு விளங்கிவிட்டது. "பிஞ்சு, மேடம். பச்சைப் பிஞ்சு."

பிஞ்சு எப்படி வெடிக்கும்? காசித்தும்பைப் பிஞ்சை எவ்வளவு அமுக்கினாலும் அது கம்மென்றுதான் இருக்கும். நம்மைப் போன்றவர்கள் மட்டுமே செய்கிற தப்பு இது. செடியைப் பற்றி ஒன்றும் தெரியாதவர் காய் வெடிக்காவிட்டால் இன்னொன்றை நசுக்கிப் பார்த்திருப்பார், இல்லையென்றால் தன் வழியே போயிருப்பார். வெடிக்காத காய்க்கு ஒரு அர்த்தம் உண்டு என்று படித்தவர்கள்தான் அதில் விழுவோம். ஸ்டெல்லா நாலு நாள் காய்ச்சலில் கிடந்தவள் மாதிரி ஆகிவிட்டாள்.

அவள் சொன்னது தப்பு என்றும் அப்போது சொல்ல முடியாது என்பதுதான் கொடுமை. அது அந்தத் தண்ணீர்ச் செடியாகவும் இருக்கலாம். மொட்டைப் பிய்த்துப் பார்த்துவிடுங்களேன் என்றார் தலைவர். பார்க்கலாம்தான். ஆனால் மொட்டுக்குள் இதழெல்லாம் ஒன்றை ஒன்று சுற்றி ஒட்டிக்கிடக்கும். பிய்க்கும்போது கிழிந்தால், ஒட்டிப் பிறந்ததைக் கிழித்தோமா, மடிப்பில் ஒட்டினதைக் கிழித்தோமா என்று யாருக்கும் தெரியாது. இருக்கிற ஒரே சாட்சியும் போய்விடும். விரியட்டும், விடியக்காலை சொல்கிறேன் என்றேன்.

அவ்வளவுதான், ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, சாதாரணச் செடி என்று ஒரு வரி எழுதிக் கொடுத்துவிடுங்கள், யார் வந்து பார்க்கப்போகிறார்கள் என்றார். அவர் சொன்னதில் கெட்ட எண்ணம் இல்லை, அவருக்கும் கிணறு இருக்கிறது. அதே நேரத்தில் வாட்ஸ்அப் குழுக்காரர் ஒருவர் போனில் வந்து, மேடம், அபூர்வம் என்றே எழுதிவிடுங்கள், குளத்துக்கு ஒரு பாதுகாப்பாக இருக்கும் என்றார். இரண்டு பேருக்கும் வேண்டியது ஒரு பேர். எந்தப் பேர் என்பதில்தான் வித்தியாசம். செடி பாட்டுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தது.

உங்களிடம் நான் சொல்ல விரும்புகிற இடம் இது. பேர் தெரியாமல் எதுவும் செய்ய முடியாது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அந்த நினைப்பே அரைகுறையாகப் பேர் வைக்கச் சொல்லி நம்மைத் தள்ளும். நான் செத்த நேரம் வரப்பில் உட்கார்ந்தேன். காற்று ஈரமாக வந்தது. எங்கேயோ மழை பெய்துகொண்டிருக்கிற வாசனை. குளத்தைப் பார்த்தபடி இருந்தேன். எவ்வளவு பெரிய குளம்! செடி இருப்பதோ ஒரு மூலையில், ஒரு வண்டி நிற்கிற இடம்கூட இல்லை. இதற்கு ஏன் முழுக் குளமும் காத்துக்கிடக்க வேண்டும் என்று தோன்றியது. ரொம்பச் சின்ன யோசனைதான். சண்டை மும்முரத்தில் யாருக்கும் வரவில்லை.

தலைவரைக் கூப்பிட்டேன். எதிர்க்கரை மடைப்பக்கமிருந்து தோண்டத் தொடங்குங்கள், இந்த மூலைக்கு நாளைக் காலைவரை வரவேண்டாம், அலுவலகத்தில் கேட்டால் நான் சொன்னதாகச் சொல்லுங்கள் என்றேன். அவர் போனில் பேசினார். அங்கே இருந்தவர் என்னிடம் தரச் சொல்லி, மேடம், எழுத்தில் அனுப்புவீர்களா என்றார். செடியின் பேர் இன்னும் தெரியவில்லை, மூலையை விட்டுவிட்டு மற்ற இடத்தில் வேலை நடக்கலாம் என்று அங்கேயே எழுதிப் படம் எடுத்து அனுப்பினேன். தெரியவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடும்போது என் பேராசிரியரை நினைத்துக்கொண்டேன். மனசுக்குள் ஒரு சிரிப்பு வந்தது. டிரைவரை எழுப்பினார்கள். வண்டியை அவ்வளவு தூரம் சுற்றிக்கொண்டு போகணுமா என்று முனகிவிட்டு ஏறி உட்கார்ந்தார். மஞ்சள் வண்டி மெல்ல எழுந்து குளத்தைக் குறுக்கே கடந்து போனது. பாண்டியம்மாள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். வாயில் சேலைத் தலைப்பு இருந்தது.

ஸ்டெல்லா ஒரு அரிவாள் கேட்டு வாங்கிச் சீமைக்கருவேல முள்ளை வெட்டி அந்தப் பள்ளத்தைச் சுற்றி ஆடு வராதபடி வேலி வைத்தாள். கையெல்லாம் கீறல். நான் போதும் விடு என்றேன், கேட்கவில்லை.

மறுநாள் விடியும் முன்னே திண்டுக்கல்லிலிருந்து ஆட்டோ பிடித்தேன். மடியில் அந்த வெள்ளைத் தட்டு. பேராசிரியரின் தட்டு இல்லை, கடைவீதியில் நான் வாங்கினது. தாடிக்கொம்பு தாண்டினதும் இரண்டு பக்கமும் பனி இறங்கியிருந்தது. தோட்டங்களில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பூப் பறிக்கிறவர்கள் நடமாடினார்கள். மல்லிகை வாசனை ஆட்டோவுக்குள் வந்து போனது. அந்த வெளிச்சப் பொட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பின்னால் போவதைப் பார்த்துக்கொண்டு வந்ததில், எங்கே போகிறேன், எதற்குப் போகிறேன் என்பதே கொஞ்ச நேரம் எனக்கு மறந்துபோனது.

குளக்கரையில் இறங்கியபோது எதிர்க்கரையில் வண்டி வேலையைத் தொடங்கிவிட்டது. பனிக்குள் அதன் சத்தம் மட்டும் கேட்டது. பள்ளத்தைச் சுற்றி ஆட்கள். தலைவர், டிரைவருக்கு டீ கொண்டுபோகிற வழியில் நின்றவர்கள், பூப் பறித்துவிட்டு அப்படியே வந்த பெண்கள். பாண்டியம்மாள் இடுப்பில் பூக்கூடையோடு நின்றார். முள்வேலிக்குள் ஸ்டெல்லா குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். மொட்டு விரிந்துவிட்டது. இளஞ்சிவப்பு, இதழ் நுனியில் பனி.

அப்படி ஒரு பூவை அத்தனை பேர் வாயை மூடிக்கொண்டு பார்த்து நான் கண்டதில்லை.

தட்டில் தண்ணீர் ஊற்றி வரப்பில் வைத்தேன். இதழைப் பிடித்து எடுக்கிற சாமணத்தை ஸ்டெல்லாவிடம் நீட்டினேன். என் கை இப்போதெல்லாம் ஆடுகிறது, கண்ணும் முன்போல் இல்லை, அது ஒரு காரணம். நீயே பார் என்று சொல்ல வேண்டியிருந்தது, அது இன்னொரு காரணம். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு பூவைக் காம்போடு கிள்ளித் தண்ணீரில் விட்டாள். அது ஒரு சுற்றுச் சுற்றி நின்றது.

முதலில் வால் உள்ள பாகத்தைக் கழற்றினாள். அது படகு மாதிரி தனியே ஒதுங்கியது. மேல் இதழைக் கழற்றினாள். அதுவும் ஒதுங்கியது. இனிப் பக்கத்து இதழ்கள். சாமண நுனியால் தொட்டாள், இழுக்கவில்லை. தண்ணீருக்கே விட்டாள். வானம் வெளுத்துத் தட்டுக்குள் இறங்கியது. அந்த வெளிச்சத்தில் இதழ் மெல்ல மெல்ல விரிந்தது. அது அந்தத் தண்ணீர்ச் செடியாக இருந்துவிட வேண்டும் என்று ஒரு மனசு ஆசைப்பட்டது, இருந்துவிடக் கூடாது என்று இன்னொரு மனசு பயந்தது. உண்மையைச் சொல்கிறேன், அந்தக் கணத்தில் எனக்குக் குளமும் இல்லை, ஊரும் இல்லை. தண்ணீரில் விரிகிற ஓர் இதழ்தான் இருந்தது.

ஒரு பக்கத்து இதழ் முழுசாக வந்தது. இரண்டு மடல், அடியில் ஒன்றாக ஒட்டியிருந்தது. அடுத்த பக்கமும் அப்படியே. கிழிசல் இல்லை, மடிப்பு இல்லை. ஒட்டிப் பிறந்தது.

காசித்தும்பை. வீட்டு வாசலில் முளைக்கிற அதே காசித்தும்பை.

எனக்கு ஒரே நொடியில் தெரிந்துவிட்டது. அவளுக்கும் தெரிந்துவிட்டது. மற்றவர்களுக்குத் தெரியவில்லை, தட்டையும் எங்கள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள். நான் பேசியிருக்கலாம். இந்த இரண்டு செடியும் பார்க்க ஒரே மாதிரி, யாருக்கும் குழப்பம் வரும், நல்லவேளை சரிபார்த்தோம் என்று பூசி மெழுகியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவள் எழுந்து நிற்பதைப் பார்த்துவிட்டு விழுங்கிக்கொண்டேன்.

"இது காசித்தும்பைதான்" என்றாள் ஸ்டெல்லா. எல்லோருக்கும் கேட்டது. "நான் சொன்னது தப்பு. பிஞ்சுக் காயை நசுக்கிப் பாத்துட்டு, வெடிக்கலைன்னு உறுதின்னு எழுதிட்டேன். என்னாலதான் வண்டி நின்னுச்சு."

யாரோ ஒருத்தர் சிரித்தார். இதுக்கா இம்புட்டு ஆர்ப்பாட்டம் என்று ஒரு குரல். படிச்ச பிள்ளைக என்று இன்னொரு குரல், அதில் குத்தல் இருந்தது. நான் ஒரு வரி எழுதித் தந்ததும் தலைவர் டிரைவருக்குப் போன் போட்டார். பாண்டியம்மாள் ஸ்டெல்லாவை ஒரு தடவை ஏறிட்டுப் பார்த்தார். இடுப்புக் கூடையைச் சரிசெய்துகொண்டு கரை இறங்கிப் போய்விட்டார். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று எனக்குத் தோன்றியது. ஸ்டெல்லா தன் போனை எடுத்து, குழுவில் தான் எழுதினதற்குக் கீழேயே தப்பு என்று எழுதி அனுப்பினாள்.

பிறகு நாங்கள் இரண்டு பேரும் ஆட்டோவுக்காகக் கரையில் உட்கார்ந்திருந்தோம். பனி போய்விட்டது. வண்டி குளத்தைக் கடந்து இந்த மூலைக்கு வந்து, முள்வேலியையும் செடியையும் ஒரே அள்ளில் அள்ளிக் கரையில் கொட்டியது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இனி நான் எதுக்கும் பேர் சொல்ல மாட்டேன் மேடம்" என்றாள். "நீங்க யாராச்சும் சொல்லுங்க. நான் பறிச்சுக் கொண்டாந்து மட்டும் தாரேன்."

எனக்குப் பகீரென்றது. குளம் ஆழமாகிவிடும், மழை வந்தால் நிறைந்துவிடும், அதெல்லாம் சரியாகிவிட்டது. இது சரியாகவில்லை. இந்த மாதிரி ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். நல்ல கண் உள்ளவர்கள். ஊர் நடுவே ஒரு தடவை தப்பாகச் சொல்லி மானம் போன பிறகு வாயையே திறக்க மாட்டார்கள். முப்பது வருஷம் செடி பறித்துக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, ஒரு பேர்கூடத் தன் வாயால் சொல்லாமல் போய்ச் சேர்ந்தவர்கள் உண்டு. அவளிடம் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. என் பேராசிரியர் கதையைச் சொன்னேன். தலையை ஆட்டினாள். காதில் ஏறவில்லை. தெரியவில்லை என்று சொல்லி நிமிர்ந்து நின்றவர் கதை அது. தெரியும் என்று சொல்லி விழுந்தவளுக்கு அது எப்படி உதவும்? நான் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வேறு என்ன செய்ய, நீங்களே சொல்லுங்கள்.

அப்போது கீழே தோட்டத்திலிருந்து பாண்டியம்மாள் கை காட்டிக் கூப்பிட்டார். என்னைத்தான் என்று நினைத்து எழுந்தேன்.

"நீங்க இருங்க டீச்சரம்மா. அந்தப் பிள்ளைய வரச் சொல்லுங்க."

ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். திட்டு வாங்கப் போகிறவள் மாதிரி எழுந்து கரை இறங்கினாள். எனக்கு மனசு கேட்கவில்லை, பின்னாலேயே மெதுவாகப் போனேன்.

கிணற்றுமேட்டை ஒட்டி மல்லிகைச் செடிகளுக்கு நடுவே பாண்டியம்மாள் களைவெட்டியோடு நின்றார். சுற்றிலும் வெட்டின களை குவிந்து கிடந்தது. காலடியில் ஒரு செடியை மட்டும் வெட்டாமல் விட்டிருந்தார். சாண் உயரம், வட்ட இலை, தண்டில் சிவப்பு. களைவெட்டியின் காம்பால் அதைத் தொட்டுக் காட்டினார்.

"இது போன மழைக்கப்புறம் புதுசா வந்திருக்கு. எங்க தோட்டத்துல முன்ன பாத்ததில்ல. என்னான்னு பாரு."

ஸ்டெல்லா நின்ற இடத்திலேயே நின்றாள். பிறகு மண்ணில் முழங்கால் போட்டு உட்கார்ந்தாள். இலையைத் திருப்பிப் பார்த்தாள். கணுவைப் பார்த்தாள். கைலென்ஸை எடுத்து அடியிலிருந்து நுனிவரை பார்த்தாள். பாண்டியம்மாள் அவசரப்படுத்தவில்லை. எனக்கும் அந்தச் செடி தெரியவில்லை. யோசிக்கையில் இரண்டு மூன்று பேர் என் வாய்க்கு வந்தன, எதையும் சொல்ல முடியாது. அவள் வாய்க்கும் வந்திருக்கும். ஓடுகிற பஸ்ஸில் உட்கார்ந்து சொல்கிறவள் அல்லவா.

அவள் நிமிர்ந்தாள்.

"தெரியலைங்கம்மா. பூத்தாத்தான் சொல்ல முடியும். பூத்துச்சுன்னா நான் சொல்வேன்."

பாண்டியம்மாள் அவள் முகத்தையே பார்த்தார். வேலிக்காலிலிருந்து ஒரு குச்சியை ஒடித்து அந்தச் செடிக்குப் பக்கத்தில் ஆழமாக ஊன்றினார். கூலிக்கு வருகிறவர்கள் தெரியாமல் வெட்டிவிடக் கூடாதே என்று குச்சி நுனியில் ஒரு வாழைநார் துண்டையும் கட்டினார்.

"சரி. பூக்குற மட்டும் இதுல நான் கை வைக்கல. பூத்ததும் போன் போடுறேன், தட்டை எடுத்துக்கிட்டு வந்துரு தாயி."